கரைக்காற்று

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். நம் வீட்டைப் பொறுத்தவரை அது உண்மைதான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அத்தான் ஐஸ் ஆலையில் புது கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போன ஒரு படகு இன்னும் திரும்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா, நான் பாத்துக்கறேன்" என்பாய். எதைப் பார்த்துக்கொள்வாய் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதினால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய். அதனால் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

வராதது ஆமை அண்ணனின் படகு. நம் ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு நேர் கீழே படகு கட்டுவாரே, அவர்தான். பிறக்கும்போது வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு இன்னொரு முறை கயிற்றை இழுத்துப் பார்ப்பார், இன்னொரு முறை எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பார், அதற்குப் பிறகுதான் தள்ளுவார். கூடப் போனவன் அவருடைய மச்சினன், அவர் மனைவியின் தம்பி. அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது.

எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் போனார்கள். சிறிய படகு, ஒற்றை எஞ்சின், ஒரு பாய். மற்றவர்கள் மீன் படவில்லை என்று நண்பகலுக்குள் திரும்பிவிட்டார்கள். மூன்று மணிக்குக் கரையிலிருந்து கடல் பக்கமாகக் காற்று வீசத் தொடங்கியது. நாலரைக்கு அது ஐஸ் ஆலைக் கூரைத் தகடு ஒன்றைப் பெயர்த்துக் கடலில் போட்டது. இருட்டும் வரை பெண்கள் இறங்குதுறையில் நின்றார்கள். ஆமை அண்ணன் தாமதமாக வருவது புதிதல்ல என்பதால் முதல் இரண்டு மணி நேரம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. அவர் எப்போதும் இரண்டு கேன் எண்ணெய் எடுத்துப் போகிறவர். அன்றைக்குக் கிளம்பும்போது ஒரு கேனைப் பக்கத்துப் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறார். "எனக்கு இன்னிக்கு வேணாம், நீ வச்சுக்க" என்றாராம். ஆமை அண்ணனா அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். "அவரேதான். எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு" என்றார் அந்தப் படகுக்காரர்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நம் அறக்கட்டளை கொடுத்த லைஃப் ஜாக்கெட் இரண்டும் எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் அங்கேதான் போனது. ஆணி வெறுமையாக இருந்தது. எடுத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

கடலோரக் காவல் படை ஒரு ரோந்துப் படகை அனுப்பியிருக்கிறது. நம் ஆட்கள் ஆறு படகில் போயிருக்கிறார்கள். அதில் ஒன்றில் அத்தானும் இருக்கிறார். வாளியில் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றுகிற மனுஷன். எஞ்சின் நின்றுபோனால் சரிசெய்ய ஆள் வேண்டுமாம். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. புதன்கிழமை கண் பரிசோதனை முகாமைத் தள்ளி வைத்துவிட்டேன். பிள்ளைகளின் மாலை வகுப்பு மட்டும் நடக்கிறது. அதையும் நிறுத்தினால் வீடுகளில் பயம் கூடிவிடும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் அறக்கட்டளை மீனவர்களின் போனுக்கு அனுப்புகிற காலை வானிலைச் செய்தி ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போனது, எத்தனை போனுக்குச் சேர்ந்தது என்று உன் கணினியில் இருக்கும். பார்த்து அனுப்பு. ஆமை அண்ணனின் போனுக்குச் சேர்ந்ததா என்று தனியாகப் பார். செய்தி கிடைக்காமல் அவர் போயிருந்தால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

படகு இன்னும் வரவில்லை. அத்தான் நேற்று மாலை திரும்பி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு இன்று காலை மறுபடி போய்விட்டார்.

நீ அனுப்பிய விவரம் கிடைத்தது. காலை நான்கு பத்துக்கு இருநூற்றுப் பதினான்கு போனுக்குச் செய்தி போயிருக்கிறது, ஆமை அண்ணனின் போனுக்கு நான்கு பதினெட்டுக்குச் சேர்ந்திருக்கிறது. "எல்லாம் சரியா வேலை செஞ்சிருக்குக்கா, நம்ம பக்கம் தப்பில்ல" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கும் மூச்சு வந்தது. அந்த நிம்மதி நேற்றுக் காலை பத்து மணி வரைக்கும் நீடித்தது.

பத்து மணிக்கு ஆமை அண்ணனின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் போனை என் மேசைமேல் வைத்தார். அவர் போனுக்கும் நம் செய்தி வருகிறது. "ஞாயிறு மாலை 3 முதல் கரைக்காற்று, பலமாக. கவனம்." அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கரைக்காத்துன்னு நீங்க தெளிவாத்தான் போட்டிருக்கீங்க. இதப் படிச்சிட்டுத்தான் அவரு, காத்தே நம்மளக் கொண்டாந்து கரையில விட்டுரும், இன்னிக்குத் தூரமா, வெளி மடைக்கே மீனுக்குப் போயிட்டு வரலாம்னாரு. உங்க மெசேஜ் பொய் சொல்லாது தாயி. இந்தப் பாழாப்போன காத்துதான் பேச்சு மாறிடுச்சு."

நம்மேல் கோபமே இல்லை, தம்பி. காற்றின்மேல் கோபம்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. கரைக்காற்று என்றால் கரையிலிருந்து வீசுகிற காற்றுதானே, அதுதானே வீசியது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஐயோ பாவம் என்பது போல ஏதோ இருந்தது. "கரைக்காத்துன்னா கரைக்குக் கொண்டாற காத்து. கரைக்குப் போற பஸ்ஸ கரை பஸ்ஸுன்னுதான சொல்லுவீங்க? இதுகூடத் தெரியாமயா இத்தன நாளு இங்க உக்காந்திருக்கீங்க?"

வானிலை அலுவலகத்துக்குக் காற்று வருகிற இடம் முக்கியம். கடலில் நிற்கிறவனுக்கு அது தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் முக்கியம். ஒரே சொல். அவர்கள் ஒரு பக்கம் நின்று சொல்கிறார்கள், இவர்கள் எதிர்ப்பக்கம் நின்று கேட்கிறார்கள். நடுவில் நாம் இருந்தோம். அந்த இரண்டையும் தெரிந்து வைத்திருப்பதுதான் நம் வேலை.

அப்பா எப்படிச் செய்வார் என்று உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது விடுதியில் இருந்தாய். வானிலை அலுவலகம் போனில் சொல்வதைப் பென்சிலால் எழுதிக்கொண்டு நேராக மைக்குக்குப் போகமாட்டார். கீழே இறங்கி, கூடையோடு நிற்கிற பெண்களில் ஒருவரிடம் படித்துக் காட்டுவார். "என்ன புரிஞ்சுது, திருப்பிச் சொல்லு" என்பார். அவர்கள் கிண்டல் செய்வார்கள், "வாத்தியாரு வந்துட்டாரு, வீட்டுப்பாடம் கேக்குறாரு" என்பார்கள். அவர்கள் திருப்பிச் சொன்ன சொற்களையே ஒலிபெருக்கியில் சொல்வார். "கரைய விட்டுக் கடலுக்குத் தள்ளுற காத்து" என்று அவர் நீட்டி நீட்டிச் சொல்வது எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும்.

நீ போன மாதம் செய்திகளைச் சுருக்கினாய். எழுபது எழுத்தைத் தாண்டினால் பழைய போன்களில் செய்தி இரண்டு துண்டாகிறது, இரண்டாவது துண்டு பல நேரம் வருவதே இல்லை என்றாய். நீ சொன்னது சரி. முழுச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் செய்தாய். வானிலை அலுவலகத்தின் சொற்பட்டியலிலிருந்து பதினான்கு சொற்களை எடுத்து எனக்கு அனுப்பினாய். ஆறாவது சொல் கரைக்காற்று. நான் அந்தப் பட்டியலை ஐஸ் ஆலைக்குப் போகிற அவசரத்தில், நின்றபடியே படித்தேன். "படித்தேன். சரி" என்று பதில் போட்டேன். நேற்று அந்தப் பதிலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீ அனுப்பி நான்கு நிமிடத்தில் பதில் போட்டிருக்கிறேன். ஆகவே, தம்பி, இதை நீ மட்டும் தலையில் போட்டுக்கொள்ளாதே. நீ வெளிநாட்டில், கடலைப் பார்க்காத ஊரில் இருக்கிறாய். என் மேசைக்கு எதிரே இருக்கிற ஜன்னலில் கடல் தெரிகிறது.

அந்தச் சொல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை வேலை வரவில்லை. ஒரு மாதமாக "காற்று வழக்கம் போல" என்றுதான் போய்க்கொண்டிருந்தது. முதல் முறையாக அது போன நாளில் அதை நம்பிப் போனவர், இந்தத் துறையிலேயே மிகக் கவனமானவர். மற்றவர்களில் பாதிப் பேர் செய்தியைப் படிப்பதே இல்லை. படித்த மற்றவர்கள் மீன் இல்லை என்று திரும்பிவிட்டார்கள். ஆமை அண்ணன் படித்தார், யோசித்தார், திட்டம் போட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய் விரித்துத் திரும்பலாம் என்பதால்தான் ஒரு கேனைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன்.

வக்கீல் மாமாவை அழைத்தேன். நம் மூன்று அறங்காவலர்களில் அவரும் ஒருவர், அவரைக் கேட்காமல் இருக்க முடியாது. வந்து எல்லாவற்றையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "தவறுங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாதும்மா. 'எதிர்பாராத சூழல்'னு போடு. தம்பிகிட்டயும் கேட்டுக்குவோம், நாளைக்கு உக்காந்து பேசலாம்" என்றார். பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது. "நீ போய் நாங்க தப்பாச் சொல்லிட்டோம்னு சொல்லுவ. அடுத்த மாசம் புயல் வருதுன்னு சொல்லுவ. யாரு நம்பிக் கரையில நிப்பான்? ரெண்டு பேருக்காக இருநூறு பேர விட்டுறாத." அவர் பயம் நியாயமானதுதான்.

ஆனால் ரோந்துப் படகு மூன்று நாளாகக் கரையோரம் தேடிக்கொண்டிருந்தது. ஆமை அண்ணன் போன்ற நிதானமான ஆள் பலமான காற்று என்று தெரிந்தால் தூரம் போகமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. எங்களிடம் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். அவர் அந்தச் சொல்லைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வெளி மடைக்கே போயிருந்தால், தேட வேண்டிய இடமே வேறு. நாளைக்கு உட்கார்ந்து பேச எனக்கு நேரம் இல்லை. மாமா படி இறங்குவதற்குள் கடலோரக் காவல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "இத ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும் மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான்கு மணிக்கு ஒலிபெருக்கியில் சொன்னேன். அறக்கட்டளை அனுப்பிய செய்தியில் ஒரு சொல் தவறு, அந்தத் தவறு எங்களுடையது, தேடுகிற படகுகள் வெளி மடைக்கு அப்பால் போக வேண்டும் என்று சொன்னேன். கீழே ஏலம் நின்றுபோனது. பிறகு கூடைக்காரி ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி, "படிச்சவங்க காத்துக்குப் பேரு வச்சா இப்படித்தான், முன்பக்கமும் தெரியாது பின்பக்கமும் தெரியாது" என்றாள். யாரோ சிரித்தார்கள். உடனே சிரிப்பு அடங்கிவிட்டது.

ஆமை அண்ணனின் மனைவி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கம்பத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்து, "அப்ப அவரு வெளிய இருக்காரு, உள்ள தேடிட்டிருந்திருக்காங்க. அப்படித்தான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் தம்பியின் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தேடுகிற படகுகளின் எண்ணெய்க்குச் சொல்ல ஓடினார்.

இதைப் படித்ததும் ஒரு வரியாவது எழுது. என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதே.

அன்புடன்,
அக்கா


செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

கிடைத்துவிட்டார்கள். முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேறெதுவும் எழுதாமல் தொடங்கினேன். ஆனால் உட்கார்ந்து முழுவதும் படி.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சரக்குக் கப்பல் அவர்களை ஏற்றியிருக்கிறது. வெளி மடையிலிருந்தே ஒன்றரை நாள் தூரம். கடலோரக் காவல் அலுவலகம் அந்தப் பக்கம் போகும் கப்பல்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் கப்பலின் ஆட்கள் கண்காணித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கப்பல் இவர்களுக்காகத் திரும்ப முடியாதாம். வந்த தகவல் மூன்றே வரி: "இருவரை ஏற்றினோம். ஒருவர் நடக்கிறார். ஒருவர் படுக்கையில், பேச்சில்லை." யார் நடக்கிறார், யார் படுக்கையில் என்று இல்லை. கேட்டு அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. இருவரிடமும் அடையாள அட்டை இல்லையாம். நடக்கிறவர் பேசுவது கப்பலில் இருக்கிற யாருக்கும் புரியவில்லையாம்.

இந்த இரண்டு நாள், முந்தைய ஒரு வாரத்தைவிட மோசம். நாத்தனார் இருவரும் ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி என் வீட்டுக்காரர் நடக்கிறார் என்று நினைத்தால், இன்னொருத்தியின் கணவன் படுக்கையில் என்று அர்த்தம். அதனால் இருவரும் எதுவும் சொல்வதில்லை. சின்னவள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரியவர் என்னிடம் சத்தமாக, "ஒருத்தரு எம் புருஷன், ஒருத்தன் எங்கூடப் பொறந்தவன். இதுல யாருன்னு நான் எதுக்குக் கேக்கணும்?" என்றார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, சின்னவளுக்குக் கேட்காதபடி என் காதருகில், "நடக்குறவரு மெதுவா நடக்குறாரான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். தெருவில் நின்று அழுதேன். எனக்குச் சிரிப்பும் வந்தது.

அத்தான் வெள்ளிக்கிழமை திரும்பிவிட்டார். நான்கு கிலோ இளைத்திருக்கிறார். சாப்பிடச் சொன்னால் தட்டு ஆடுகிறது என்கிறார்.

இனி உன்னைப் பற்றி. வியாழக்கிழமைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறாய். சனிக்கிழமையிலிருந்து காலைச் செய்தியும் யாருக்கும் வரவில்லை. பழுது என்று முதலில் நினைத்தேன். பிறகு நீயே நிறுத்திவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதைக்கு நானே கீழே போய்ப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லி, ஒலிபெருக்கியில் சொல்கிறேன். முதல் நாள் யாரும் திருப்பிச் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேற்று ஒருத்தி சொன்னாள். வக்கீல் மாமா சொன்னது போல ஆகிவிடுமோ என்ற பயம் எனக்குத் தினமும் இருக்கிறது. ஆனால் உன் மௌனம் அதைவிடப் பெரிய பயம். அம்மா தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியும் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்கப் போவதற்கு முடியாது என்று சொல்லாதே. அந்தக் கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகம் நீ இருக்கும் நாட்டில் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தேன், உன் ஊரிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறது. கப்பலின் பெயர், துறைமுக அலுவலக எண், நம் தூதரகத்தில் பேசிய ஆளின் எண் எல்லாம் இந்த மின்னஞ்சலோடு தனி இணைப்பில் இருக்கின்றன. தூதரகத்திலிருந்து யாராவது வருவார்கள். ஆனால் அங்கே அவர்கள் மொழி பேசுகிற, அவர்கள் முகத்தைத் தெரிந்த ஆள் நீ ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பு. இரண்டு பேருக்கும் சட்டை, கால்சட்டை, செருப்பு வாங்கிக்கொள். ஆமை அண்ணன் உன் உயரம்தான், கொஞ்சம் பருமன். மச்சினன் ஒல்லி. அங்கே குளிர் என்பாயே, கம்பளியும் வாங்கு. கப்பலில் ஏறவிட்டால் ஏறு. விடாவிட்டால் படி இறங்குகிற இடத்தில் நில். முதலில் யார் நடக்கிறார் என்று பார். பார்த்த உடனே, அங்கே மணி என்ன இங்கே மணி என்ன என்று கணக்குப் பார்க்காமல், எனக்குப் போன் போடு. நான் அந்த வீட்டில், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் தயங்காமல் சொல்.

பிறகு மருத்துவமனை. படுக்கையில் இருப்பவரை விட்டு நகராதே.

அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது, தம்பி. அவர்களும் காற்றைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் ஒலிபெருக்கியில் சொன்னது இங்கே எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியாது. வேறு யார் வாயாலும் அவர்கள் அதைக் கேட்கக் கூடாது. நான் சொல்லலாம், போனில் சொல்லலாம். ஆனால் பக்கத்தில் இருக்கப் போகிறவன் நீ. ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு, நிமிர்ந்து உட்கார முடிந்த பிறகு சொல். அக்காவும் நானும் என்று சொல், நான் மட்டும் என்று சொல்லாதே. எழுபது எழுத்தைப் பற்றியெல்லாம் விளக்காதே.

அவர் திட்டினால் நின்று கேள். திட்டாவிட்டால், இன்னும் கொஞ்ச நேரம் நில்.

உன்மேல் இங்கே யாருக்கும் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். அது போகப் போகத்தான் சரியாகும், நீ அங்கே இருந்துகொண்டு அது சரியாகாது. விடுமுறை கேட்டு வாங்கிக்கொள். டிக்கெட் எடுக்கும்போது உனக்கும் சேர்த்து எடு. அவர்களைக் கூட்டிக்கொண்டு வா, ராசா. மூன்று பேராக வாருங்கள்.

நல்லபடியாகப் போய் வா.

அன்புடன்,
அக்கா